பருத்திக் கிடங்கில் ஒன்ஸ் மோர்

என் மனைவி வசந்தாமணி மேடையில் டெக்சாஸ்காரியாக நடிக்கப்போகிறாள் என்று நான் ஆபீசில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கோயமுத்தூரில் எம்.எஸ்சி. படித்து, டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் என்னோடு குடித்தனம் நடத்துகிற ஒருத்தி, 1930களில் அதே டெக்சாஸில் விடுதி நடத்திய எலன் என்ற வெள்ளைக்கார விதவையாக எப்படி ஆவாள்? நானும் இதைத்தான் கேட்டேன்.

"நம்மூர்ல மீசையைச் செரைச்சுட்டு ஆம்பளைங்க சீதையா வரலீங்களா? அப்ப மட்டும் வாயைப் பொளந்துட்டுப் பார்த்தீங்கல்ல?" என்றாள்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்த இடம் லைப்ரரி. நாங்கள் அமெரிக்கா வந்த புதிதில் அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. மகள் ரோஷினி கைக்குழந்தை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நடந்துபோகிற தூரத்தில் இருந்தது லைப்ரரி ஒன்றுதான். அங்கே ஓர் அலமாரி நிறைய அமெரிக்க இசை நாடகங்களின் வீடியோ கேசட்டுகள். மற்றவர்கள் அட்டைப் படத்தைப் பார்த்து எடுப்பார்கள். இவள் கணக்கு வாத்தியார் மகள் அல்லவா? எது பழையது, எது புதியது என்று பார்த்து, பழையதிலிருந்து ஒழுங்காக ஆரம்பித்தாள். நான் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சோற்றோடு சேர்த்து அமெரிக்க இசை நாடகத்தின் சரித்திரமும் தட்டில் விழும்.

"ஏனுங்க, இருபதுகள்ல கதைங்கறது சும்மா துணி காயப்போடற கொடி மாதிரிங்க. எந்தப் பாட்டை வேணாலும் தொங்க விட்டுக்கலாம். ஒரு நாடகத்துல எடுபடாத பாட்டைத் தூக்கி அடுத்ததுல போட்டுக்குவாங்க. ஆருக்கும் ஒண்ணும் வித்தியாசம் தெரியாது."

"சரி, ரசம் ஊத்து."

நாற்பதுகளுக்கு வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாட்டு கதைக்குள்ள வந்துருச்சுங்க! ஒரு பாட்டை உருவிட்டீங்கன்னா அடுத்த சீன் புரியாது. டான்ஸ்கூடக் கதை சொல்லுது!"

"நம்ம படம் மாதிரிதானே?"

"அட போங்க. நம்ம படத்துல ரெண்டு பேரும் ஊட்டி போய் ஆடிட்டு வந்தாலும் கதை விட்ட இடத்துலயேதான் நிக்கும். இதுல பாட்டு முடியறப்ப அந்தப் புள்ள வேற ஆளா ஆயிருப்பா."

அப்புறம் மேடைக்கு எலெக்ட்ரிக் கிதார் வந்தது. அதற்கப்புறம் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லாமல் ஒரே மனிதனின் மனசைச் சுற்றிச் சுற்றி வருகிற நாடகங்கள் வந்தன. எண்பதுகளில் பேச்சே காணாமல் போய், கதவைத் திற என்பதைக்கூடப் பாட்டாகவே பாடினார்கள். மேடைக்கு மேலிருந்து மாடமாளிகை செட்டுகள் இறங்கின. இப்படி மாறிக்கொண்டே போனால் கடைசியில் எங்கேதான் போய் நிற்கும் என்று நான் அலுத்துக்கொண்டேன். "ஆருக்குங்க தெரியும்? அதுதானுங்களே ருசி!" என்று அவள் கரண்டியும் கையுமாகச் சிரித்தாள்.

கிரீன் கார்டு வந்தது. அவள் கார் ஓட்டக் கற்றாள், சாப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போனாள். பைத்தியம் மட்டும் போகவில்லை. ஃப்ரீவேயில் ஜன்னலை ஏற்றிவிட்டுக் கத்திப் பாடுவாள். பக்கத்து டிரக்குக்காரன் திரும்பிப் பார்ப்பான். 1998 கோடையில் அதே லைப்ரரியின் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஊர்ப் பழைய பருத்திக் கிடங்கு ஒன்றை நாடக அரங்கமாக்கியிருந்தார்கள். அதில் புதிய இசை நாடகம். யார் வேண்டுமானாலும் ஆடிஷனுக்கு வரலாம். வசந்தாமணி என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

நாடகத்தை எழுதி இயக்குகிறவர் ஹார்லன். ஹைஸ்கூலில் நாடகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம், அதே அளவுக்குக் கோபம். இசை, பியானோ வாசிக்கிற மார்த்தா என்ற அம்மாள். வசந்தாமணி ஆடிஷனில் பாடி முடித்ததும் மார்த்தா பியானோவை விட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஹார்லன் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தாராம். குரல் பிரமாதம், ஆனால் இந்த உச்சரிப்போடு, இந்த முகத்தோடு, இவளை டெக்சாஸ் விதவை என்று இந்த ஊர்க்காரர்கள் நம்புவார்களா? அரங்கத்தை நடத்துகிற கமிட்டியும் அதையே கேட்டது. இந்தப் பெண் இல்லையென்றால் வேறு பியானோக்காரியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மார்த்தா சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். முதல் வாரக் கடைசியில் வசந்தாமணி எலனாக நடிப்பாள். சபை அவளை நம்பினால், ஓடுகிற வாரமெல்லாம் அவளுடையது. நம்பவில்லை என்று ஹார்லனுக்குப் பட்டால் அடுத்த வாரத்திலிருந்து கரோல் நடிப்பாள்.

கரோல் பாங்கில் வேலை பார்க்கிறவள். சர்ச்சில் தனியாக நின்று பாடுகிறவள். மைக் இல்லாமலேயே கடைசிப் பெஞ்சுவரை கேட்கும். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பெண், எலன் வேஷத்துக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தாள். முதல் நாள் ஒத்திகையிலேயே அவள் வசந்தாமணியிடம் வந்து, "நீ நல்லாப் பாடணும்னு வேண்டிக்கிறேன். அந்தப் பார்ட் எனக்குக் கிடைக்கணும்னும் வேண்டிக்கிறேன். ரெண்டுமே நிஜம்" என்றாளாம். எனக்கு அப்போதே அவளைப் பிடிக்காமல் போயிற்று. வசந்தாமணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"மனசுல இருக்கறத மூஞ்சிக்கு நேரா சொல்றவங்க நம்ம சொந்தத்துல எத்தனை பேருங்க இருக்காங்க?"

எலனுக்கு ஒரே ஒரு பெரிய பாட்டு. புழுதிப் புயலில் ஊரே காலியாகிவிட்டது. விடுதியில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். விளக்கை அணைத்தாயிற்று, கதவைப் பூட்டியாயிற்று, இனி யாரும் என்னைத் தேட வேண்டாம் என்று பாடி, சாவியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விடுவாள். அடுத்த நொடி மேடை பஸ் ஸ்டேஷனாகிவிடும். இதில்தான் ஹார்லன் உயிரையே வைத்திருந்தார். பாட்டு கதையை நிறுத்தக் கூடாது, தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் மதம். பழைய காலத்து ஆட்கள் மாதிரி பாட்டு முடிந்ததும் கைத்தட்டலுக்கு நின்று பல்லைக் காட்டுகிறவர்களை அவர் ஒத்திகையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

எங்கள் வீட்டில் மூன்று மாதமாகக் குக்கர் விசிலும் அந்தப் பாட்டும்தான். சின்ன வயதில் கற்ற பாட்டுப் பழக்கத்தில் அவள் குரல் ஒவ்வொரு சுரத்திலும் ஒரு குலுங்கு குலுங்கும். அதையெல்லாம் விட்டு, அப்போதுதான் யோசித்துப் பேசுகிற மாதிரி பாட வேண்டும் என்றார் ஹார்லன். பழகிய கையை மாற்றிச் சாப்பிடச் சொன்ன மாதிரி அவள் திண்டாடினாள். ரோஷினி ஹோம்வொர்க் செய்தபடியே, "மாம், யூ டிட் த ஷேக்கி திங் அகெய்ன்" என்பாள். எனக்கு அந்தப் பாட்டு தூக்கத்திலும் வரும். அர்த்தத்தை மட்டும் நான் கவனித்ததே இல்லை. வீட்டு ஃபிரிட்ஜ் சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு நான் ஆள் திரட்டினேன். ஆஸ்டின் தமிழ்ச் சங்கம் பாதி வந்தது. மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிற பேர்லேண்டிலிருந்து டாக்டர் நாகமணி ஆன்ட்டி ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். இதய டாக்டர், அந்த ஊர் மீனாட்சி கோயில் கமிட்டியில் அவர் குரல் உயர்ந்தால் மற்ற எல்லாக் குரலும் அடங்கிவிடும். நான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஒழுங்கு சொல்லியிருந்தேன். லேட்டாக வரக் கூடாது, முறுக்கு நொறுக்கக் கூடாது, குழந்தை அழுதால் வெளியே, பேஜரை அணைக்க வேண்டும், விசில் கூடவே கூடாது. "எங்களுக்கு நாடகம் பார்க்கத் தெரியாதாப்பா?" என்று நாகமணி ஆன்ட்டி கோபித்துக்கொண்டார்.

சொன்னபடியே நடந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். முன்பாதி முழுக்க எங்கள் வரிசைகளில் ஒரு தும்மல்கூட இல்லை. வசந்தாமணி வெளுத்த கவுனும் கட்டை ஷூவுமாக வந்தபோது எனக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஏதோ கிசுகிசுத்தார்கள். என் காது சூடாயிற்று. அவள் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கிசுகிசு நின்றது. விடுதிக்காரி வாடகைக்காரனைத் திட்டுகிற காட்சியில் சபையே சிரித்தது. எனக்கு அந்தத் திட்டு ரொம்பப் பழக்கமானது என்பதால் நான் சிரிக்கவில்லை.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. என்னமாய்ப் பாடினாள்! நிமிர்ந்து நின்று, போகிறேன் போ என்று ஊரையே உதறித் தள்ளுகிற மாதிரி பாடினாள். கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. சாவியைப் படியில் வைத்தாள், பெட்டியை எடுத்தாள், திரும்பிப் பார்க்காமல் போனாள். விளக்கு மங்கியது. கைத்தட்டல் வெடித்தது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் எங்கள் வரிசையின் நடுவிலிருந்து அந்தக் குரல் எழுந்தது.

"ஒன்ஸ் மோர்!"

நாகமணி ஆன்ட்டி. நான் திரும்புவதற்குள் நாலா பக்கமும் பற்றிக்கொண்டது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்த கூட்டம். நல்ல பாட்டைக் கேட்டுவிட்டு ஒன்ஸ் மோர் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் பாடினவரை அவமானப்படுத்துவதாகத்தான் எங்களுக்கு அர்த்தம். முறுக்குவரை யோசித்த எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. மூச்சு விடாதே என்று யாராவது முன்கூட்டிச் சொல்வார்களா?

நான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி உட்கார் உட்கார் என்றேன். நானும் சேர்ந்து கேட்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள். மேடை ஓரத்தில் பஸ் ஸ்டேஷன் கூட்டம் மூட்டைகளோடு விழித்துக்கொண்டு நின்றது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஹார்லன் முகம் தக்காளியாகச் சிவந்து நின்றார். தொலைந்தது, அவ்வளவுதான், என் ஜனங்களே அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மார்த்தா பியானோவிலிருந்து கையை எடுத்துச் சபையைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் ஊர் ஊராக வந்த நாடகக் கம்பெனிகள் சபை கேட்டால் மறுபடி பாடுமாம். பியானோக்காரர் அதற்குத் தயாராகவே இருப்பாராம். இது நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது நான் பார்த்ததெல்லாம், அந்த அம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, பாட்டின் முதல் அடிகளை மெதுவாக, ரொம்ப மெதுவாக, மறுபடி வாசிக்க ஆரம்பித்ததைத்தான்.

வசந்தாமணி வந்தாள். குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பாடுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. எலனாகவே வந்தாள். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்தவள் மாதிரி பெட்டியோடு வந்தாள். படியில் கிடந்த சாவியை எடுத்தாள். பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சாவியைப் பார்த்துக்கொண்டே அதே பாட்டைப் பேசுகிற குரலில் பாடினாள். ஒரு சொல் மாறவில்லை. முதல் தடவை ஊரை நோக்கி வீசியெறிந்த அதே வரி, யாரும் என்னைத் தேட வேண்டாம் என்ற அதே வரி, இப்போது யாராவது தேடுவீர்களா என்று கேட்டது. மூன்று மாதமாக ஹார்லன் தடுத்து வைத்திருந்த அந்தக் குலுங்கல் கடைசிச் சொல்லில் மட்டும் ஒரு தடவை வந்தது. பிறகு எழுந்து, சாவியைப் படியில் வைத்துவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே போனாள்.

கைத்தட்டல் உடனே வரவில்லை. இத்தனை வருஷம் நான் ரசத்தோடு சேர்த்து விழுங்கிய சரித்திரம் முழுக்க இவளுக்குள் உட்கார்ந்து இதற்காகத்தான் காத்திருந்ததா? என் பெண்டாட்டி மேல் எனக்கு அவ்வளவு ஆசையும் அவ்வளவு பயமும் ஒரே நேரத்தில் வந்தது அன்றைக்குத்தான். ரோஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "டாட், இஸ் ஷி ஓகே?" என்றாள்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஹார்லன் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார், ஓரமாகக் கரோலும் நின்றிருந்தாள். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. நிதானமாகப் பேசினார்.

"இரண்டாவது தடவை நீ செய்தது நான் எழுதியதைவிடப் பெரியது. அதைத் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் கேட்டது உன் ஆட்கள். நீ இருமினால்கூட ஒன்ஸ் மோர் கேட்பார்கள். இதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி, "அவர் சொல்றது நியாயந்தானுங்க" என்றாள். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில், நாளை மத்தியான ஆட்டத்துக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் வர மாட்டார்கள், அந்தச் சபை தானாகக் கேட்டால் நான் திரும்பி வருவேன், கேட்காவிட்டால் பெட்டியோடு போய்விடுவேன், அடுத்த வாரம் கரோல் பாடட்டும் என்றாள். ஹார்லன் கை நீட்டினார். அவள் குலுக்கினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆன்சரிங் மெஷின் நிரம்பி வழிந்தது. சனிக்கிழமைக்கு எத்தனை டிக்கெட் கிடைக்கும் என்று ஊரே கேட்டிருந்தது. அத்தனை தூரத்துக் காப்பெல் ஊரிலிருந்துகூட ஒருவர் கிளம்பி வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை முழுக்க நான் ஒவ்வொருவரையும் வராதீர்கள், வராதீர்கள் என்று கெஞ்சினேன். நாகமணி ஆன்ட்டி மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

"நேத்து அவ்ளோ கிளாஸா பண்ணினா! அவன் யாருப்பா எங்களை வராதேன்னு சொல்றதுக்கு?"

"அவர் சொல்லல ஆன்ட்டி, வசந்தாதான் சொல்றா."

"அப்ப சரி. அவளுக்குத் தெரியும்" என்று போனை வைத்தார்.

எனக்கு மட்டும் அனுமதி உண்டு. கைத்தட்டலாம், குரல் கொடுக்கக் கூடாது. "ஒரு வார்த்தை வந்துச்சு, வீட்டுக்கு நடந்துதான் வரோணும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் அவள் மேக்கப் போடப் போனாள்.

கிடங்கு நிரம்பவில்லை. பண்ணைக்காரர்கள், சர்ச் கூட்டம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்ட கிழவர்கள். எங்கள் ஆட்களின் கறுப்பு முடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எனக்கு முன்வரிசையில், கொஞ்சம் தள்ளி, கரோல் உட்கார்ந்திருந்தாள். வேஷத்தைக் கைப்பற்றுவதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள் என்று மனசுக்குள் கறுவினேன். ஹார்லன் எனக்குப் பக்கத்தில் நடைபாதையில் சுவரில் சாய்ந்து நின்றார்.

வசந்தாமணி பாடினாள். வெள்ளிக்கிழமையைவிட நன்றாகவே பாடினாள், கூரை அதிரத்தான் பாடினாள். கரோலின் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. அவளுக்கு ஒரு சொல் தவறவில்லை. சாவி படிக்குப் போனது. பெட்டி போனது. விளக்கு மங்கியது.

கை தட்டினார்கள். மனசாரத்தான் தட்டினார்கள், இரண்டு பேர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள். ஆனால் கைத்தட்டல் என்பது கைத்தட்டல்தான். அதில் கேள்வி இல்லை. இந்த ஊரில் நாடகத்தை நிறுத்தி மறுபடி பாடு என்று யார் கேட்பார்கள்? கேட்கலாம் என்றே இவர்களுக்குத் தெரியாதே! எனக்கு இது அந்த நிமிஷம்தான் உறைத்தது. கைத்தட்டல் தேய ஆரம்பித்தது. மார்த்தாவின் கைகள் மடியில் இருந்தன. பஸ் ஸ்டேஷன் மூட்டைகள் மேடைக்கு நகர்ந்தன. நான் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். திணிக்காவிட்டால் கத்தியிருப்பேன், சத்தியமாக.

முன்வரிசையில் கரோல் எழுந்தாள். முடிந்தது, கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் கிளம்பவில்லை. மேடையைப் பார்த்து நின்று, அந்தக் கடைசிப் பெஞ்சுவரை கேட்கிற குரலில், டெக்சாஸ் இழுவையோடு இழுத்துக் கத்தினாள்.

"ஒன்ஸ் மோ...ர்!"

சபை திரும்பிப் பார்த்தது. அவள் இன்னொரு தடவை கத்தினாள். மடியில் தொப்பி வைத்திருந்த கிழவர் ஒருவர், அட, இப்படிக்கூடக் கேட்கலாமா என்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு குரல் கொடுத்தார். பிறகு யார் யாரோ. பிறகு எல்லாரும். தரை மரப்பலகை தடதடவென்று அதிர்ந்தது. மூட்டைகள் பின்வாங்கின. மார்த்தாவின் கை பியானோவுக்குப் போயிற்று.

"அடுத்த வாரமும் அவள்தான்" என்றார் ஹார்லன். என்னிடம் சொன்னாரோ, தனக்கே சொல்லிக்கொண்டாரோ தெரியாது.

வசந்தாமணி பெட்டியோடு திரும்பி வந்தாள். கத்தியது யார் என்று அவளுக்கு உள்ளேயே தெரிந்திருக்க வேண்டும். படிக்கட்டில் சாவியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நேராகக் கரோலைத்தான் பார்த்தாள். மற்ற எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். கரோல் உட்காரவில்லை. பாட்டு முடிகிறவரை நின்றபடியே கேட்டாள், உதடு அசையாமல்.